சாட்சிக்குப் பேர் வேண்டாம்

கம்பெனி பஸ்ஸில் ஒரு ஜன்னலோர சீட்டுக்காக ஒருத்தி முந்தின ஸ்டாப் வரை தினமும் நடந்துபோய் ஏறினாள் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். அக்கா அதைச் செய்தாள்.

ஒரகடம் பக்கத்தில், காருக்கு ஒயர் கட்டும் கம்பெனி ஒன்றில் அப்போது இருவரும் ஒரே லைனில் வேலை பார்த்தோம். உத்திரமேரூரில் அவள் குடியிருந்ததும் எங்கள் பக்கத்துத் தெருவில்தான். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். ஒருநாள் காலை அவள் வழக்கமாக உட்காரும் இடத்தில் வேறு லைன்காரி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அக்கா போய் நின்றதும், "சீட்டுல இன்னா ஒன் பேரா எழுதிக்கீது? இந்த மூஞ்சிக்கு ஜன்னல் வேற கேக்குதா?" என்றாள். பின்னால் இருந்த பெண்கள் சிரித்தார்கள்.

அக்கா கோபப்படவில்லை. "இருக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

மறுநாளிலிருந்து விடிவதற்கு முன்பே கிளம்பி, முந்தின ஸ்டாப்புக்கு நடந்துபோய் ஏறினாள். நாங்கள் ஏறும்போது அந்த ஜன்னலோரத்தில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்த லைன்காரி ஏறும்போது அவளை ஒரு பார்வை பார்ப்பாள். சிரிக்க மாட்டாள், பேச மாட்டாள். மழை பெய்தாலும் அப்படித்தான், காலில் முள் குத்தி நொண்டிய வாரத்திலும் அப்படித்தான். கடைசியில் அந்த லைன்காரி வேறு ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்கே அக்கா பழையபடி எங்கள் ஸ்டாப்புக்கு வந்து, கிடைத்த இடத்தில் உட்கார்ந்தாள்.

"ஜன்னல் சீட்டு காலியாத்தான கீது, போயி குந்துக்கா" என்றேன்.

"சீட்டு யாருக்கு வேணும்" என்றாள்.

சூப்பர்வைசர் ஒருவர் இருந்தார். பெண்களை "ஏய்" என்றுதான் கூப்பிடுவார். அவர் அப்படிக் கூப்பிட்டால் அக்காவுக்குக் காது கேட்காது. பக்கத்தில் வந்து நின்று கத்தினாலும் தலை தூக்க மாட்டாள். ஒயரை முறுக்கிக்கொண்டே இருப்பாள். மேலிடத்திலிருந்து ஆட்கள் லைனைப் பார்க்க வந்த ஒரு நாளில், அவர்கள் முன்னாலேயே அவர் நாலு தடவை "ஏய்" என்று கூப்பிட்டு, ஐந்தாவது தடவை "அம்மா, கொஞ்சம் திரும்புங்கம்மா" என்றார். அக்கா உடனே திரும்பி, "சொல்லுங்க சார்" என்றாள். அத்தனை மாதம் அவள் காத்திருந்தது அந்த நாளுக்காகத்தான் என்று எனக்குத் தோன்றியது.

அவளுக்கென்று இருந்தது ஒரே தங்கை. அப்பா அம்மா இல்லை. தங்கையைப் படிக்கவைத்து, வாலாஜாபாத்தில் கலர் மீன் கடை வைத்திருந்தவனுக்குக் கட்டிக்கொடுத்தவளும் அக்காதான். தனக்கென்று கல்யாணம் எதையும் அவள் யோசித்ததாகத் தெரியவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குக் கருவாட்டுக் குழம்பு வைத்து எடுத்துக்கொண்டு போவாள். அவனை "வாங்க மாப்ள, குந்துங்க மாப்ள" என்று வாய் நிறையக் கூப்பிடுவாள்.

அந்தத் தங்கை மஞ்சள் காமாலையில் செத்துப்போனாள்.

யாரும் அடிக்கவில்லை, கொல்லவில்லை. படுத்துக்கொண்டாள், கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். சாப்பிட்டதெல்லாம் வாந்தி எடுத்தாள். தானாகச் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டார்கள். அவன் காலையில் கடைக்குப் போவான், ராத்திரி வருவான். போனில் அக்கா கேட்டபோதெல்லாம் "தூங்கிக்கினு கீறா, அப்பால பேசச் சொல்றேன்" என்றான். நினைவு தப்பிய பிறகுதான் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அக்கா போய்ச் சேர்ந்தபோது தங்கைக்கு ஆளை அடையாளம் தெரியவில்லை.

காரியம் முடிந்த பிறகு அக்கா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். அங்கே இருந்தவர் உட்காரவைத்து மரியாதையாகத்தான் கேட்டார். "அடிச்சாரா? வரதட்சணை கேட்டாரா? ஒண்ணும் இல்லன்றீங்க. ஒடம்பு சரியில்லாம செத்ததுக்கு இன்னான்னும்மா கேஸு எழுதறது?" என்றார். உறவுக்காரர்கள் விதி என்றார்கள். அவனும் பிணத்தின் மேல் விழுந்து அழுதவன்தான். பொய்யாக அழுததாக எனக்குத் தோன்றவில்லை. அக்காவிடம் அதைச் சொன்னேன்.

"அழுவறதுக்கு வாயத் தொறந்தான் பாரு, அத்த ஒரு வாரம் முன்னாடி தொறந்து எனுக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்" என்றாள். அதன் பிறகு, "இருக்கட்டும்" என்றாள். அந்தச் சொல் எனக்குப் பழக்கமானதுதான். பஸ்ஸில் அந்தச் சீட்டுக்காக அவள் சொன்னதும் அதையேதான்.

தங்கையின் புடவைகளை வாங்கிக்கொண்டு வர வாலாஜாபாத்துக்கு நானும் கூடப் போனேன். வீட்டுக்கு வர வேண்டாம், கடையில் கொண்டுவந்து வைக்கிறேன் என்று அவன் சொல்லியிருந்தான். சின்னக் கடை. சுவரோரம் தொட்டிகள், முன்னால் பலகையில் வரிசையாகப் பிளாஸ்டிக் டம்ளர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பைட்டர் மீன். ஆண் மீன்களைச் சேர்த்துவிட்டால் ஒன்றையொன்று கடித்துக் கொன்றுவிடும் என்பதால் தனித்தனியாக வைத்திருந்தான். அவன் உள்ளே போய்ப் பையைத் தேடிக்கொண்டிருந்தபோது அக்கா அந்த டம்ளர்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கடைசி டம்ளரில் தண்ணீர் கலங்கி நாற்றமடித்தது. அடியில் ஒரு நீல மீன் ஒருக்களித்துக் கிடந்தது. வால் நுனி அழுகி, நைந்த துணி மாதிரி தொங்கியது. செத்துவிட்டது என்று நினைத்தேன். அக்கா விரலால் டம்ளரைத் தட்டினாள். செவுள் மெல்ல அசைந்தது.

"இதுக்கு இன்னா?" என்று கேட்டாள்.

"சீக்கு. இனிமே விக்காது. தூக்கிப் போடணும், வேலையில மறந்துட்டேன்க்கா" என்றான் அவன்.

"மருந்து எதுனா போட்டியா? தண்ணியாவது மாத்துனியா?"

"பொழைக்கறதா இருந்தா தானா பொழைக்கும். இல்லன்னா பூடும். இதுக்கெல்லாம் பாத்துக்கினு இருந்தா யாவாரம் பண்ண முடியுமா?"

அக்கா அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கு உறைக்கவே இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாதது.

"இத்த நா எடுத்துக்கினு போறேன்" என்றாள்.

"எடுத்துக்கினு போ. சொம்மாதான் குடுக்கறேன்."

திரும்பும் பஸ்ஸில் புடவைப் பையை என்னிடம் கொடுத்துவிட்டாள். டம்ளரை மட்டும் இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு வந்தாள். பாலாற்றுப் பாலத்தில் பஸ் குலுங்கியபோது இரண்டு துளி தண்ணீர் அவள் புடவையில் சிந்தியது. அதை அவள் துடைக்கவில்லை.

தொட்டியைக் காஞ்சிபுரம் போய் வாங்கினாள். அவன் கடையில் கிடைக்காததில்லை. அவனிடம் வாங்கக்கூடாது என்றிருந்தாள். ஒரு முழத்துக்கும் குறைவான சின்னக் கண்ணாடித் தொட்டி. பஸ்ஸில் வரும்போது போனில் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினாள். குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றக்கூடாது என்று தெரிந்துகொண்டு, வாளியில் பிடித்து ஒருநாள் வைத்திருந்து ஊற்றினாள். பைட்டர் மீன் மேலே வந்து காற்றுக் குடித்துவிட்டுப் போகும். இதற்கோ மேலே ஏறத் தெம்பில்லை. அதனால் நாலு விரல் உயரத்துக்குத்தான் தண்ணீர் விட்டாள். கொஞ்சம் கல்லுப்பு போட்டாள். பள்ளிக்கூடத்து நாட்டுப்பாதாம் மரத்தடியில் காய்ந்த இலை பொறுக்கிவந்து கழுவிப் போட்டாள். தண்ணீர் டீ டிகாஷன் நிறத்துக்கு வந்தது. மார்கழிக் குளிருக்குத் தொட்டிக்கு மேல் ஒரு குண்டு பல்பைக் கட்டித் தொங்கவிட்டாள். வேலையிலிருந்து வந்ததும் அழுக்குத் தண்ணீரைக் கரண்டியால் மொண்டு எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விடுவாள். சாப்பாடு அதற்கு அப்புறம்தான்.

முதலில் சில நாள் அது எதையும் தின்னவில்லை. கொல்லையில் ஒரு வாளித் தண்ணீரைத் திறந்து வைத்துக் கொசுப்புழு பிடித்தாள். ஒற்றைப் புழுவை ஈர்க்குச்சி நுனியில் எடுத்து மீனின் வாய்க்கு நேராகக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கை வலித்தால் மறு கை. ஒரு சாயங்காலம் அது சட்டென்று திரும்பிப் புழுவைக் கவ்வியது. நான் பக்கத்தில்தான் இருந்தேன். அக்கா சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, "இவ்ளோதான்டி. இவ்ளோதான் பண்ண வேண்டியிருந்துச்சி" என்றாள்.

மீன் தேறியது. அழுகின இடத்தில் புது வால் வளர்ந்தது. அந்த ஓரம் மட்டும் நிறம் ஏறாமல் கண்ணாடி மாதிரி இருந்தது. மற்றபடி அப்படி ஒரு நீலம். முகம் பார்க்கும் கண்ணாடியைக் காட்டினால் செவுளை விரித்துக்கொண்டு சண்டைக்கு வரும்.

"இன்னா பேருக்கா வெச்சிக்கீற?" என்று கேட்டேன்.

"சாட்சிக்குப் பேரு வேணாம்" என்றாள்.

தங்கையை இழந்தவள் எதையோ வளர்த்து மனசைத் தேற்றிக்கொள்கிறாள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அந்தப் பதிலைக் கேட்ட பிறகு அந்தத் தொட்டி முன்னால் உட்காரவே எனக்குப் பிடிக்கவில்லை.

ஒன்றைச் சொல்லாவிட்டால் அவளைப் பற்றிப் பாதிதான் சொன்னதாக ஆகும். தங்கை போன பிறகு லைனில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் அக்கா சும்மா இருக்க மாட்டாள். ஒரு பெண் காய்ச்சலோடு வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு லைனையே நிறுத்திவிட்டாள். சூப்பர்வைசர் ஓடிவந்தார். "வண்டி வரச் சொல்லுங்க. அது வர்ற வரிக்கும் இங்க ஒரு ஒயரும் நகராது" என்றாள். எனக்கு மசக்கையில் தலை சுற்றல் வந்தபோது, என் வீட்டுக்காரரை அவர் வேலை பார்த்த ராகி மில்லிலிருந்து கூப்பிட்டு வரவைத்து, "நாளிக்கிப் பாக்கலாம்னு சொன்னீங்கன்னு தெரிஞ்சுதோ, நா மனுசியா இருக்க மாட்டேன்" என்று மிரட்டினாள். அவர் இன்றைக்கும் அவளை நினைத்தால் கொஞ்சம் பயப்படுவார்.

வருஷம் திரும்பியதும் தங்கை புருஷனுக்குப் பெண் பார்க்கிறார்கள் என்று சேதி வந்தது. பெண்ணுக்கு ஊர் தென்னேரி. அக்கா லீவு போட்டாள். அகன்ற வாய் வைத்த கண்ணாடி பாட்டிலில் மீனை விட்டு, ஈரத்துண்டால் சுற்றி, ஒயர்கூடையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். தனியாக விட மனசில்லாமல் நானும் போனேன்.

ஏரிக்கரையை ஒட்டின வீடு. பெண்ணின் அப்பாவும் அம்மாவும் இருந்தார்கள். யார் என்று அக்கா சொன்னதும் அவர்கள் முகம் மாறியது. ஆனாலும் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்கள். அக்கா பாட்டிலை எடுத்துத் தரையில் வைத்துத் துண்டை விலக்கினாள்.

"இது அவுரு கடையில சாகக் கெடந்த மீனு. தண்ணி மாத்தல, மருந்து போடல. பொழைச்சா தானா பொழைக்கும்னாரு. நா எடுத்துக்கினு வந்து உப்பும் நல்ல தண்ணியும் குடுத்தேன். வேற ஒண்ணும் பண்ணல. பாருங்க, எப்படிக் கீதுன்னு" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "எந்தங்கச்சிக்கும் அதேதான் சொன்னாரு. நா பக்கத்துல இல்ல" என்றாள்.

"மீனுக்கும் மனுசாளுக்கும் இன்னாம்மா சம்பந்தம்?" என்றார் அப்பா. அவர் குரலில் கோபமில்லை, சங்கடம்தான் இருந்தது.

அம்மா பாட்டிலுக்குள் சுற்றிக்கொண்டிருந்த மீனையே பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "எத்தினி நாளு படுத்துக்கினு இருந்திச்சி, ஒந்தங்கச்சி?"

அந்த ஒரு கேள்வியிலேயே சம்பந்தம் முறிந்துபோனது. திரும்பி வரும்போது அக்கா பஸ்ஸில் தூங்கினாள். அவள் பஸ்ஸில் தூங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதற்கப்புறம் நான் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன். குழந்தையோடு திரும்பிவந்து சில மாதம் கழித்து அடுத்த சேதி வந்தது. இந்தமுறை புள்ளலூர். முதல் புருஷன் விட்டுவிட்டுப் போன ஒரு பெண். அக்கா மறுபடியும் ஒயர்கூடையை எடுத்தாள். குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு நானும் போனேன். பஸ்ஸில் துண்டை விலக்கிப் பார்த்தேன். நீலம்தான். ஆனால் வால் முழுக்க நீலமாக இருந்தது. கண்ணாடி ஓரத்தைக் காணவில்லை.

"அக்கா, இது அந்த மீனா?"

"அது ஆடியிலயே பூட்ச்சி" என்றாள், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு. "நல்லாத்தான் இருந்திச்சி. வயசாயி பூட்ச்சி."

"அப்ப இது?"

"காஞ்சிபுரத்துல வாங்கினது."

"இத்தப் போயி அதுன்னு சொல்லலாமாக்கா? பொய்யில்ல?"

"மீனு மாறிப்பூட்ச்சி. நடந்தது மாறிப்பூட்ச்சா?" என்றாள். இறங்கிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

புள்ளலூரில் அந்தப் பெண்ணே எதிரில் வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாள். தென்னேரியில் சொன்னதையே, ஒரு வார்த்தை கூடக் குறையாமல், அதே இடங்களில் நிறுத்தி நிறுத்தி அக்கா சொன்னாள். பெண்ணின் அண்ணன்காரன் அங்கேயே போனை எடுத்து, இந்த இடம் வேண்டாம் என்று தரகரிடம் சொல்லிவிட்டான். நாங்கள் பஸ்ஸுக்கு நின்றபோது அந்தப் பெண் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வேகமாக வந்தாள்.

"எனுக்கு அவரப் புடிச்சிருந்திச்சி" என்றாள். "பத்து நாளா போன்ல பேசிக்கினு இருந்தோம். நல்லாத்தான் பேசினாரு. எனுக்கு வேற யாரு வருவாங்க சொல்லு."

"நல்லாத்தான் பேசுவான்" என்றாள் அக்கா. "நீ படுத்துக்கினாத்தான் தெரியும்."

"நா படுத்துக்க மாட்டேன்."

"அவளும் அப்படித்தான் நெனச்சிக்கினு இருந்தா."

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்த பிறகு திரும்பிப் பார்த்தேன். அந்தப் பெண் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. கூடையை மடியில் வைத்துக்கொண்டு, தண்ணீர் சிந்தாமல் பாட்டிலின் வாயைக் கையால் மூடியிருந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் உத்திரமேரூருக்கே வந்துவிட்டான். அக்காவுக்கு மீன் குழம்பு கொடுக்கப் போயிருந்த நான் அப்போது அங்கேதான் இருந்தேன். வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்தான். இளைத்திருந்தான். சண்டை போடத்தான் வருகிறான் என்று பயந்தேன். அவன் கண் நேராகத் தொட்டிக்குப் போனது. பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தான்.

"இது நா குடுத்த மீனு இல்ல" என்றான். "இது சின்ன வயசு. வாலுகூட வேற மாரி. ஊரெல்லாம் பொய் சொல்லிக்கினு சுத்தறியாக்கா?"

"இல்லதான்" என்றாள் அக்கா. "அவளுந்தான் இல்ல."

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். தொட்டியில் மீன் மேலே வந்து காற்றுக் குடித்துவிட்டுக் கீழே போனது. "தெரியாமப் பூட்ச்சிக்கா. மூணாவது நாளு கண்ணு மஞ்சளா இருக்கச்சயே தூக்கிக்கினு ஓடியிருக்கணும். தெனிக்கும் அதான் நெனப்பு" என்றான். பிறகு, "நா இப்ப இன்னாதான் பண்ணணும்? சொல்லு, பண்றேன்" என்றான்.

"நீ ஒண்ணும் பண்ண வேணாம்" என்றாள் அக்கா. "அதான் ஒனுக்கு நல்லா வருமே."

அவன் எழுந்து போனான். நான் கொண்டுபோன குழம்பை ஊற்றி அக்கா சாப்பிட ஆரம்பித்தாள்.

பிறகு நாங்கள் செங்கல்பட்டுப் பக்கம் வீடு மாறிவிட்டோம். அவன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அக்கா கூடையைத் தூக்க வேண்டிய வேலையே அப்புறம் வரவில்லை. போன வருஷம் ஒரு விசேஷத்துக்காக வாலாஜாபாத் போனபோது அவன் கடை வழியாக நடந்தேன். முன்பலகையில் பிளாஸ்டிக் டம்ளர்களைக் காணோம். ஒவ்வொரு மீனுக்கும் ஒரு சின்னத் தொட்டி. உள்ளே ஓரமாகத் துணி போர்த்தின தொட்டி ஒன்றில், மஞ்சள் மருந்துத் தண்ணீரில் சீக்கு மீன்கள் தனியாகக் கிடந்தன. அவன் கரண்டியால் தண்ணீர் மொண்டு மாற்றிக்கொண்டிருந்தான். என்னைப் பார்க்கவில்லை.

அடுத்தமுறை உத்திரமேரூர் போனபோது அக்காவிடம் இதைச் சொன்னேன். எதற்குச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. அவள் மனசு கொஞ்சம் இளகும் என்று நினைத்தேனோ என்னவோ. அவள் முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"நல்லாப் பாத்துக்கறானா?" என்றாள்.

"நல்லாவே பாத்துக்கறாருக்கா. கத்துக்கினாரு போல."

"ம்." ஒரு தண்டைக் கிள்ளிப் போட்டாள். "யார வெச்சிக் கத்துக்கினான்னு கேட்டியா?"

அவள் மிச்சக் கீரையை ஆய்ந்து முடித்துவிட்டு, இருந்து சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று சொல்லி அடுப்பைப் பற்றவைத்தாள்.